முன்னால் போகும் காடியில் மூன்று எழுத்து

தீபாவளி, பள்ளி விடுமுறை என்று வந்துவிட்டால் நம் வீடுகளில் பயணமும் வந்துவிடும். ஈப்போவிலிருந்து ஜொகூருக்கு, கிள்ளானிலிருந்து பட்டர்வொர்த்துக்கு, சிங்கப்பூரிலிருந்து பாலத்தைக் கடந்து தோட்டத்தில் இருக்கும் பாட்டி வீட்டுக்கு என்று ஆளுக்கு ஒரு திசையாகப் புறப்படுகிறோம். காடியில் ஏறிய முதல் அரைமணி நேரம் பிள்ளைகள் சமர்த்தாக இருப்பார்கள். தஞ்சோங் மாலிம் தாண்டுவதற்குள் ஒருவருக்கு வயிற்றைக் குமட்டும், இன்னொருவருக்குப் பசிக்கும், பின் இருக்கையில் இருவருக்கும் சண்டை மூளும். நெரிசலில் வண்டி நின்றுவிட்டாலோ கேட்கவே வேண்டாம். கைப்பேசியைக் கையில் திணித்து வாயை அடைக்கிறோம்.

அடுத்த முறை அப்படி நிற்கும்போது, உங்களுக்கு முன்னால் நிற்கும் வண்டியின் எண் பலகையைச் சற்றே பாருங்கள். எண்களோடு பெரும்பாலும் மூன்று ஆங்கில எழுத்துகள் இருக்கும். அந்த மூன்று எழுத்தும் அதே வரிசையில் வருகிற ஓர் ஆங்கிலச் சொல்லைப் பிள்ளைகளைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். எழுத்துகளுக்கு நடுவில் வேறு எழுத்துகள் எத்தனை வந்தாலும் சரி. முன்னாலும் பின்னாலும் வரலாம். வரிசை மட்டும் மாறக்கூடாது. யார் சொல்லும் சொல் நீளமோ அவருக்கு வெற்றி. விளையாட்டு அவ்வளவுதான். ஒரு காசு செலவில்லை.

ஜொகூர் வண்டி ஒன்று நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எழுத்துகள் ஜே, கே, டி. சின்னவன் உடனே 'ஜாக்கெட்' என்பான். ஜே, ஏ, சி, கே, இ, டி. மூன்றும் வரிசை தப்பாமல் இருக்கின்றன, ஆறெழுத்துச் சொல். அக்காள் கொஞ்சம் யோசித்து 'ஜாக்பாட்' என்பாள். ஏழெழுத்து. "அந்தச் சொல்லெல்லாம் உனக்கு எப்படிம்மா தெரியும்?" என்று முன் இருக்கையிலிருந்து அப்பாவின் குரல் வரும். அதற்குள் சண்டை ஓய்ந்திருக்கும்.

மேலே போவதற்கு முன் ஒரு சின்ன சங்கடத்தைத் தீர்த்துக்கொள்வோம். ஆங்கிலத்தில் டைகருக்கு ஒரு டி, டாக் என்னும் நாய்க்கு ஒரு டி. பேப்பருக்கு ஒரு பி, பால் என்னும் பந்துக்கு ஒரு பி. தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றாகத்தான் நிற்கும். ஆகவே இந்தக் கட்டுரையில் தனி எழுத்தாக டி என்று வந்தால் அது டைகரின் டி; பி என்று வந்தால் அது பேப்பரின் பி. நாய்க்கும் பந்துக்கும் இங்கே இடமில்லை.

நம் நாட்டு எண் பலகைக்கென்று ஓர் இலக்கணம் உண்டு. முதல் எழுத்து பெரும்பாலும் மாநிலத்தைச் சொல்லும். ஜொகூருக்கு ஜே, பினாங்குக்குப் பி, மலாக்காவுக்கு எம், நெகிரி செம்பிலானுக்கு என், கெடாவுக்குக் கே. இவை சொல்லிக்கொடுக்காமலே புரியும். பேராக்குக்கு ஏ, பகாங்குக்குச் சி என்பதை மட்டும் மனப்பாடம் செய்யவேண்டும். கோலாலம்பூர் 1974-இல் கூட்டரசுப் பிரதேசமான பிறகு அதற்கு டபிள்யூ கிடைத்தது. வாடகைக் காடி என்றால் எச். இராணுவ வண்டி என்றால் இஸட். சிங்கப்பூர்க் காடிகள் எஸ் எழுத்தில் தொடங்கும். சபா மாநிலத்துக்கும் எஸ்தான்.

இதில் விளையாடுகிறவர்கள் கவனிக்கவேண்டிய செய்தி ஒன்று உண்டு. சிறப்புப் பலகைகளை விட்டுவிட்டால், ஐ, ஓ என்ற இரண்டு எழுத்துகளும் நம் பலகைகளில் பொதுவாக வருவதில்லை. ஒன்று, சைபர் என்ற எண்களோடு குழம்பிவிடக்கூடாது என்பதற்காக அவற்றை விலக்கிவைத்திருக்கிறார்கள். ஆங்கில உயிரெழுத்துகள் ஐந்தில் இரண்டு இப்படிப் போய்விட, பெரும்பாலான பலகைகளில் கிடைப்பது மெய்யெழுத்துகளே. வெறும் எலும்பு மட்டும் கண்முன் நிற்கிறது. அதற்குச் சதை போடவேண்டியது பிள்ளையின் வேலை.

இதை வெறும் பொழுதுபோக்கு என்று நினைத்துவிடாதீர்கள். நம் பிள்ளைகளின் ஆங்கிலக் கட்டுரை நோட்டைத் திறந்து பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

தமிழை நாம் காதால் படிக்கிறோம். சொல்லைச் சரியாக உச்சரிக்கத் தெரிந்தவன் ஏறக்குறைய சரியாகவே எழுதிவிடுவான். ற, ர, ன, ண மயக்கம்தான் கொஞ்சம் படுத்தும். மலாயும் அப்படியே. 1972-இல் மலேசியாவும் இந்தோனேசியாவும் சேர்ந்து மலாய் எழுத்துமுறையைச் சீர்படுத்திய பிறகு, அது கேட்டபடி எழுதுவதற்கு மிகவும் வசதியான மொழியாகிவிட்டது. ஆங்கிலத்திலிருந்து வந்த சொற்களைக்கூட மலாய் தன் காதுக்கேற்றபடி எழுதிக்கொள்கிறது. டாக்சியை டி, இ, கே, எஸ், ஐ என்று எழுதுகிறது. 'ஃபார்மசி' என்னும் மருந்துக்கடைக்கு முதல் எழுத்து எஃப்.

தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு படித்துவிட்டு இடைநிலைப்பள்ளிக்குப் போகும் பிள்ளையின் நிலையை எண்ணிப் பாருங்கள். கேட்டபடி எழுதும் மொழிகள் இரண்டை அது நன்றாகக் கற்றிருக்கிறது. மூன்றாவதாக வருகிற ஆங்கிலமோ காதை நம்பாதே என்கிறது. டாக்சிக்கு டி, ஏ, எக்ஸ், ஐ. மருந்துக்கடைக்கு எஃப் கிடையாது. பி, எச் சேர்ந்து வந்து எஃப் வேலையைச் செய்கின்றன. 'ரிசீட்' என்னும் ரசீதுக்குள் ஒரு பி வாய்திறவாமல் உட்கார்ந்திருக்கிறது. 'ஐலண்ட்' என்னும் தீவில் ஓர் எஸ் ஊமையாக நிற்கிறது. பிள்ளை தன் காதை நம்பி எழுதுகிறது. ஆசிரியரின் சிவப்பு மை அதன்மேல் ஓடுகிறது. இப்படி எழுதும் பிள்ளையை மந்தம் என்று சொல்லிவிடுவது பெரும் அநியாயம். இரண்டு மொழியில் கற்ற விதியை ஒழுங்காகக் கடைப்பிடித்ததுதான் அது செய்த குற்றம்.

ஆங்கில எழுத்துக்கூட்டைக் கண்ணால்தான் கற்கவேண்டியிருக்கிறது. காது ஓரளவு உதவும்; பிறகு கைவிட்டுவிடும். சொல்லைப் பார்த்துப் பார்த்து, அதன் எலும்புக்கூடு மனத்தில் பதியவேண்டும். எண் பலகை விளையாட்டு செய்வது இதைத்தான். மூன்று எழுத்தை வைத்துக்கொண்டு சொல்லைத் தேடுகிற பிள்ளை, சொல்லின் ஒலியை விட்டுவிட்டு அதன் எழுத்துகளை மனக்கண்ணில் ஓட்டிப் பார்க்கிறது.

பேராக் வண்டி ஒன்றில் ஏ, எச், எம் என்று இருந்தால் எத்தனை பேருக்கு 'ஆஸ்மா' நினைவுக்கு வரும்? காசநோயாளிக்கும் ஆஸ்மாக்காரருக்கும் வேறுபாடு தெரிந்த பாட்டிக்குக்கூட அந்தச் சொல் தெரியும். ஆனால் அதன் நடுவில் டி, எச் என்று இரண்டு எழுத்துகள் ஒளிந்திருப்பது, எழுதிப் பார்த்தவருக்கு மட்டுமே தெரியும். ஒருமுறை இந்த விளையாட்டில் அதைக் கண்டுபிடித்த பிள்ளை பிறகு அதைத் தவறாக எழுதுவது அரிது. அதே மூன்று எழுத்துக்கு 'அரித்மெட்டிக்' என்ற கணக்குப் பாடமும் பொருந்தும், பத்தெழுத்து.

அம்மாவே நடுவர்

இதில் எனக்கு மிகவும் பிடித்த அம்சம் வேறொன்று. இந்த விளையாட்டை நடத்துவதற்கு ஆங்கிலம் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

ஆங்கிலம் என்றாலே "போய் டீச்சரைக் கேளு" என்று விலகிப்போகிற தாய்மார்கள் நம்மிடையே நிறைய பேர். செம்பனைத் தோட்டத்திலோ தொழிற்சாலையிலோ நாள் முழுவதும் நின்றுவிட்டு வந்து, பிள்ளையின் ஆங்கிலப் புத்தகத்தைக் கண்டால் அவர்களுக்கு ஒரு கூச்சம். பிள்ளையும் நாளடைவில் "அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது" என்று முடிவு கட்டிவிடுகிறது. ஆங்கிலத்தில் தொடங்கிய இந்த விலகல் ஆங்கிலத்தோடு நிற்பதில்லை. தேர்வு அட்டையில் கையெழுத்து வாங்குவதற்கு மட்டும் அம்மாவிடம் வருகிற பிள்ளை, மற்ற எதையும் கேட்பதற்கு வருவதில்லை. மாதாமாதம் பணம் கட்டி டியூஷனுக்கு அனுப்புகிறோம். அது வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் டியூஷன் ஆசிரியர் எவரும் இந்த விலகலைச் சரிசெய்ய முடியாது.

இருபத்தாறு எழுத்தும் அடையாளம் தெரிந்த தாய் இதில் தாராளமாக நடுவராகலாம். பிள்ளை ஒரு சொல்லைச் சொல்கிறது. "எழுதிக் காட்டுய்யா" என்று சொல்லுங்கள். எழுதியதும், கொடுத்த மூன்று எழுத்தும் வரிசையாக வருகின்றனவா என்று விரல் வைத்துப் பாருங்கள். பிறகு எழுத்துகளை எண்ணுங்கள். அந்தச் சொல் உண்மையிலேயே உண்டா என்று அகராதியைத் திறந்து தேடுங்கள். அகராதி ஏ, பி, சி வரிசையில்தான் இருக்கிறது. தேடுவதற்கு ஆங்கிலப் புலமை தேவையில்லை. இல்லாத சொல்லைச் சொல்லி ஏய்க்கப் பார்க்கும் பையனை அகராதியைக் காட்டி மடக்கும்போது அந்தத் தாயின் முகத்தைப் பார்க்கவேண்டும்! அன்று அந்த வீட்டில் ஆங்கிலத்துக்கு நீதிபதி அவர்தான்.

ஆங்கிலம்–தமிழ் அகராதியாக இருந்தால் மிகவும் நல்லது. சொல் உண்டா என்று பார்க்கிற கையோடு அதன் பொருளையும் உரக்கப் படித்துவிடலாம். கைப்பேசியில் மூன்று எழுத்தைத் தட்டினால் ஒரு நொடியில் முந்நூறு சொல் வந்து கொட்டும். தேடுகிற நேரத்தில் அதைத் தூர வைத்துவிடுங்கள். சரிபார்ப்பதற்கு மட்டும் எடுத்தால் போதும்.

வீட்டில் ஆடும்போது சில கட்டுப்பாடுகள் வேண்டும். ஊர்ப்பெயர், ஆட்பெயர் செல்லாது. ஒரு சொல்லின் கடைசியில் எஸ் சேர்த்துப் பன்மையாக்கி ஓர் எழுத்து கூட்டிக்கொள்வது செல்லாது. இல்லாவிட்டால் எல்லோரும் அந்தக் குறுக்குவழியிலேயே போய்விடுவார்கள். சின்னப் பிள்ளை கண்டுபிடித்த ஐந்தெழுத்துச் சொல்லுக்கும், பெரியவள் கண்டுபிடித்த எட்டெழுத்துச் சொல்லுக்கும் சம மதிப்பு என்று வைத்துக்கொண்டால் அழுகை இருக்காது. வண்டி ஓட்டுகிறவர் ஆட்டத்தில் சேரக்கூடாது. இது விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

நீளமான சொல் எப்படிக் கிடைக்கிறது?

சின்னச் சொல் தானாக வரும். நீளச் சொல்லுக்குத்தான் வழி தெரியவேண்டும். பினாங்கு வண்டி ஒன்றில் பி, என், டி என்று இருக்கிறது. 'பெயின்ட்', 'பிரின்ட்', 'பேரன்ட்' என்று வரிசையாக வந்துவிழும். இவற்றோடு நின்றுவிடாமல், ஆங்கிலச் சொற்களின் வாலைப் பிடிக்கக் கற்றுக்கொடுங்கள். 'ஷன்' என்று ஒலிக்கிற டி, ஐ, ஓ, என். 'மென்ட்' என்று ஒலிக்கிற எம், இ, என், டி. இவையெல்லாம் சொல்லின் பின்னால் வந்து ஒட்டிக்கொள்ளும் வால்கள். கையிலிருக்கும் எழுத்துகளில் என், டி இரண்டும் இருந்தால் இந்த வால்களில் ஏதாவது ஒன்று பொருந்துமா என்று முதலில் பார்க்கவேண்டும்.

அப்படிப் பார்த்தால் 'பிளான்டேஷன்' வந்து நிற்கிறது. பத்தெழுத்து. நம் தாத்தா, பாட்டிமார் வியர்வை சிந்திய தோட்டமேதான்! செடி என்னும் 'பிளான்ட்' ஐந்தெழுத்து. அதற்கு வால் முளைத்துத் தோட்டமாகிவிட்டது. இனி அதற்குத் தலையும் வைத்துப் பாருங்கள். 'டிரான்ஸ்' என்ற ஐந்தெழுத்தை முன்னால் வைத்தால் 'டிரான்ஸ்பிளான்டேஷன்'. உறுப்பு மாற்றுச் சிகிச்சைக்கும் நாற்றைப் பிடுங்கி நடுவதற்கும் சொல்கிற சொல். பதினைந்து எழுத்து. 'பிரசென்ட்' என்பதிலிருந்து போனால் 'ரெப்ரசென்டேஷன்' பதினான்கு. அதற்கு முன்னால் 'மிஸ்' சேர்த்தால் பதினேழு.

இது நமக்கு அந்நியமான வேலை அல்ல. படி, படிப்பு, படிப்பாளி, படிப்பாளிகளுக்கு என்று ஒட்டி ஒட்டி நீட்டுவதில் தமிழை மிஞ்ச ஆங்கிலத்தால் ஆகாது. தமிழ்ப் பிள்ளைக்கு விகுதி என்றால் என்ன என்று தெரியும். ஆங்கிலத்துக்கும் அது உண்டு என்று ஒருமுறை காட்டிவிட்டால் பிடித்துக்கொள்ளும். ஆங்கிலம் கூடுதலாகத் தலையிலும் ஒட்டவைக்கும். அதைத் தனியாகச் சொல்லித்தர வேண்டும்.

சிங்கப்பூர் வண்டியில் எஸ், கே, டி இருந்தால் 'ஸ்கர்ட்' எல்லோருக்கும் வரும். 'ஸ்கெலிட்டன்' என்னும் எலும்புக்கூடு சிலருக்கு வரும். இரண்டு சொல் சேர்ந்து ஒன்றான கூட்டுச்சொற்களை நினைத்துப் பார்க்கிறவருக்குத்தான் 'சூப்பர்மார்க்கெட்' வரும். பதினோரெழுத்து. கோலாலம்பூர் வண்டியில் டபிள்யூ, ஆர், டி இருந்தால் எழுதுவது என்னும் 'ரைட்' உடனே வரும். அதன் முதல் எழுத்தே ஊமை என்பதையும் அப்போது சொல்லிவைக்கலாம். கூட்டுச்சொல் வழியில் போனால் 'வாட்டர்ஃபிரன்ட்'. இன்னும் நடந்தால், முழுமனத்தோடு என்று பொருள்படும் 'ஹோல்ஹார்ட்டெட்லி'; பதினான்கு எழுத்து. காதுக்கு அது 'ஹோ' என்று தொடங்குகிறது. எழுத்திலோ டபிள்யூ முன்னால் நிற்கிறது. காதை நம்பினவருக்கு இந்தச் சொல் கடைசிவரை கிடைக்காது.

அடுப்படியில் ஓர் ஆட்டம்

பயணம் இல்லாத நாளில் வீட்டில் ஆடுவதற்கு இதற்கு ஒரு தம்பி ஆட்டம் உண்டு. இதில் எழுத்துகளின் வரிசையை மாற்றலாம். ஆனால் கொடுத்த எழுத்துகள் அனைத்தையும் பயன்படுத்தவேண்டும். பழைய நாட்காட்டி அட்டையைச் சிறு சதுரங்களாக வெட்டி ஆளுக்கொரு எழுத்து எழுதிக்கொள்ளுங்கள்.

எல், ஐ, எஸ், டி, இ, என். இது 'லிசன்', கேள் என்று பொருள். நடுவிலே இருக்கும் டி பேசுவதில்லை. அட்டைகளைக் கலைத்து அடுக்கினால் 'சைலன்ட்' ஆகும். பேசாமல் இரு என்பது போல. இன்னும் மாற்றினால் 'என்லிஸ்ட்', படையில் சேர்வது. 'டின்சல்' என்னும் சரிகையும் அதற்குள்தான். எழுத்துகள் ஆறும் அவையே. ஒலியில் ஒன்றுக்கொன்று உறவே இல்லை.

இப்போது ஏழாவதாக ஓர் அட்டை சேர்த்து நீளச் சொல் ஆக்குங்கள். யு சேர்த்தால் 'யுடென்சில்'. சமையல் பாத்திரம்! இன்னொரு எல் சேர்த்தால் 'லென்டில்ஸ்'. பாத்திரத்தில் வேகிற பருப்பு. ஜி சேர்த்தால் 'சிங்லெட்'. கொடியில் காய்கிற பனியன். அதே ஜி 'கிளிசன்' என்ற சொல்லையும் தரும். பளபளப்பது என்று பொருள். அதிலும் டி ஊமைதான். கே சேர்த்தால் 'டிங்கிள்ஸ்', கிணுகிணு என்று ஒலிப்பது. ஏ சேர்த்தால் 'சேலியன்ட்', முனைப்பாகத் தெரிவது. ஆறெழுத்திலிருந்து ஓர் அடி எடுத்துவைத்தவுடன் பாதி சமையலறை வந்துவிட்டது பாருங்கள்.

எழுத்துகள் குழம்பிக் கிடக்கும்போது கண் திகைத்துவிடும். உயிரெழுத்துகளை ஒருபக்கமும் மெய்யெழுத்துகளை ஒருபக்கமும் பிரித்துவைத்தால் திகைப்பு தீரும். வட்டமாக அடுக்கிப் பார்ப்பதும் உதவும். வால் ஆகக்கூடிய ஐ, என், ஜி போன்றவற்றைத் தனியே எடுத்து ஓரமாக வைத்துவிட்டால் மிச்சம் இருப்பவை தாமாகவே ஒரு சொல்லாகத் தெரியத் தொடங்கும்.

மிகச் சின்னப் பிள்ளைகளுக்கு ஓர் எழுத்தாகச் சேர்த்துக்கொண்டே போகும் ஆட்டம் ஏற்றது. 'ஐ' என்ற ஓரெழுத்தில் தொடங்குங்கள்; நான் என்று பொருள். என் சேர்த்தால் 'இன்'. முன்னால் எஸ் சேர்த்தால் 'சின்', பாவம். ஜி சேர்த்தால் 'சிங்', பாடு. நடுவில் டி நுழைத்தால் 'ஸ்டிங்', கொட்டுவது. ஆர் நுழைத்தால் 'ஸ்ட்ரிங்', கயிறு. ஏ நுழைத்தால் 'ஸ்டேரிங்', முறைத்துப் பார்ப்பது. இன்னொரு டி போட்டால் 'ஸ்டார்ட்டிங்', தொடங்குவது. எல் போட்டால் 'ஸ்டார்ட்லிங்', திடுக்கிட வைப்பது. ஓரெழுத்து ஒன்பதெழுத்தாகிவிட்டது, வழியில் ஒவ்வொரு படியும் ஒரு முழுச்சொல். பின்னோக்கி ஒவ்வோர் எழுத்தாக எடுத்துக்கொண்டு வந்தால் மறுபடியும் 'ஐ' மட்டும் மிஞ்சும்.

இதைப் படிக்கும் தமிழாசிரியர்களுக்கு இந்நேரம் சிரிப்பு வந்திருக்கும். எழுத்தைக் கூட்டி வேறு சொல்லாக்குவதற்கு 'எழுத்து வருத்தனம்' என்றும், எழுத்தைக் குறைத்து வேறு சொல்லாக்குவதற்கு 'அக்கரச்சுதகம்' என்றும் தண்டியலங்காரம் பெயரே வைத்திருக்கிறது. ஒரு செய்யுளின் எழுத்துகளுக்குள் இன்னொரு செய்யுளை ஒளித்துவைப்பது 'கரந்துறைச் செய்யுள்'. எண் பலகையில் சொல் தேடுகிற நாம் அந்தப் பெருந்தெருவின் ஓர் ஓரத்தில்தான் விளையாடிக்கொண்டிருக்கிறோம். பிள்ளைகளுக்குத் தமிழிலும் ஒன்று போடுங்கள்: 'பகல்' என்பதில் முதல் எழுத்தை எடுத்தால் கல், நடு எழுத்தை எடுத்தால் பல்.

உலகப் போட்டியும் நம் நாடும்

அட்டைச் சதுரங்களில் எழுத்தெழுதி ஆடுவதைப் பெரிய அளவில் விளையாட்டாக்கியவர் ஆல்ஃபிரட் பட்ஸ் என்ற அமெரிக்கக் கட்டடக் கலைஞர். 1930-களின் பொருளாதார மந்தத்தில் வேலை இழந்தவர். எந்த ஆங்கில எழுத்து எத்தனை முறை வருகிறது என்று செய்தித்தாள் பக்கங்களை எடுத்து எண்ணிப் பார்த்து, அந்தக் கணக்கின்படி தம் ஆட்டத்துக்கு எழுத்துகளைப் பங்கிட்டார். 1948-இல் ஜேம்ஸ் புரூனோ என்பவர் அதற்கு 'ஸ்கிராபிள்' என்று பெயர் வைத்தார். மொத்தம் 100 கட்டைகள். அடிக்கடி வரும் இ எழுத்துக்குப் பன்னிரண்டு கட்டை. அரிதான இஸட்டுக்கும் கியூவுக்கும் ஒவ்வொன்று, பத்துப் புள்ளி. எஸ் எழுத்துக்கு நான்கே கட்டை கொடுத்தார். பன்மையாக்கித் தப்பிக்கும் குறுக்குவழியை அவரும் அறிந்திருந்தார். கையிலிருக்கும் ஏழு கட்டையையும் ஒரே சொல்லாக வைத்துவிட்டால் 50 புள்ளி கூடுதல். நீளச் சொல்லுக்கு அங்கே அவ்வளவு மரியாதை.

அதன் உலகப் போட்டி 2003-இல் கோலாலம்பூரிலும் 2009-இல் ஜொகூர் பாருவிலும் நடந்தது. இரண்டு முறையும் பட்டத்தைக் கொண்டுபோனவர்கள் தாய்லாந்துக்காரர்கள். 2003-இல் பானுபோல் சுஜ்ஜயகோர்ன். 2009-இல் பாகோர்ன் நேமித்ரமன்சுக். ஆங்கிலம் அவர்களுக்குத் தாய்மொழி அல்ல. 2007-இல் மும்பையில் நடந்த போட்டியில் இறுதிச்சுற்றுவரை சென்று உலகின் இரண்டாம் இடத்தைப் பெற்றவர் நம் நாட்டின் கணேஷ் ஆசீர்வாதம். அந்த இறுதிச்சுற்றில் வென்றவர் நைஜல் ரிச்சர்ட்ஸ். நியூசிலாந்துக்காரர், மலேசியாவில் குடியேறி வாழ்ந்தவர். உலகப் பட்டத்தை ஐந்து முறை வென்றவர்.

இந்த ரிச்சர்ட்ஸைப் பற்றிய ஒரு செய்தி பெற்றோருக்குத் தெரிந்திருக்க வேண்டும். 2015-இல் பெல்ஜியத்தில் நடந்த பிரெஞ்சு மொழி ஸ்கிராபிள் போட்டியிலும் அவரே வென்றார். அவருக்குப் பிரெஞ்சு பேசத் தெரியாது! அகராதிச் சொற்களைச் சில வாரங்களில் மனத்தில் ஏற்றிக்கொண்டு போய் உட்கார்ந்தார். 2024-இல் ஸ்பானிய மொழிப் போட்டியிலும் அப்படியே வாகை சூடினார். கேட்டால் வியப்பாக இருக்கிறது. ஆனால் நாம் நம் பிள்ளைக்கு வேண்டுவது அதுவல்ல. எழுத்து தெரிந்து பொருள் தெரியாத சொல்லால் ஒரு கடிதம்கூட எழுதமுடியாது.

ஆகையால் வீட்டு ஆட்டத்தில் கட்டாயமாக ஒன்றைச் சேர்த்துக்கொள்ளச் சொல்வேன். சொல்லைக் கண்டுபிடித்தவர் அதன் பொருளைத் தமிழில் சொல்லவேண்டும். அல்லது அதை வைத்து ஒரு வாக்கியம் அமைக்கவேண்டும். இரண்டும் முடியாவிட்டால் பாதி மதிப்பெண். இருபத்தெட்டு எழுத்துச் சொல், நாற்பத்தைந்து எழுத்துச் சொல் என்று மனப்பாடம் செய்துவைத்து விருந்தாளிகள் முன் ஒப்பிக்கும் பிள்ளைகள் உண்டு. கைதட்டிவிட்டு விட்டுவிடுங்கள், ஆட்டத்தில் அதற்கு மதிப்பெண் வேண்டாம்.

கடைசியாக, வாசகர்கள் இல்லத்தில் உட்கார்ந்து பார்ப்பதற்கு நான்கு பலகைகள். கெடா வண்டியில் கே, சி, என். பகாங் வண்டியில் சி, சி, டி. மலாக்கா வண்டியில் எம், சி, எல். நெகிரி செம்பிலான் வண்டியில் என், சி, கே. பக்கத்தை இங்கேயே மடித்துவைத்து, ஒரு பென்சிலை எடுத்துக்கொள்ளுங்கள்.

தேடிப் பார்த்தாயிற்றா? கெடாவில் 'கிச்சன்' இருக்கிறது, ஏழெழுத்து. அதற்கு வால் வைத்துச் சின்னஞ்சிறு சமையலறை என்னும் 'கிச்சனெட்' ஆக்கினால் பதினொன்று. பகாங்கில் 'கோக்கனட்', 'கிரிக்கெட்' இரண்டுக்கும் ஏழு, 'கம்யூனிகேஷன்' பதின்மூன்று, தனித்தன்மை என்னும் 'கேரக்டரிஸ்டிக்' பதினான்கு. மலாக்காவில் அற்புதம் என்னும் 'மிராக்கிள்' ஏழு, 'மேத்தமேட்டிக்கல்' பன்னிரண்டு, பல்லினப் பண்பாட்டைச் சொல்லும் 'மல்ட்டிகல்ச்சுரல்' பதின்மூன்று. நெகிரி செம்பிலானில் 'நெக்லஸ்' எட்டு. அங்கே ஒன்பதெழுத்தோ அதற்கு மேலோ கண்டுபிடித்திருந்தால் நீங்கள் என்னைத் தாண்டிவிட்டீர்கள்; அகராதியில் ஒருமுறை சரிபார்த்துவிட்டு, வீட்டிலுள்ளவர்களிடம் தாராளமாகச் சொல்லிக்கொள்ளலாம்.